தாழிக்குள்ள இருக்கறது சாம்பலா, எலும்பா? கொங்கு மண்ணின் ஈமத்தாழிகளை எப்படி ஆய்வு செய்கிறார்கள்?

கொங்கு மண்டலத்தில் வீட்டுக்குக் கடக்கால் தோண்டும்போதோ, தோட்டத்தைச் சமன் செய்யும்போதோ, குளத்தில் வண்டல் எடுக்கும்போதோ ஜேசிபி பல்லில் ஒரு பெரிய மண்பானை சிக்குவது புதிதல்ல. பல நேரங்களில் அடுத்து நடப்பதும் ஒன்றுதான். உள்ளே தங்கம் இருக்குமா என்று பானையை உடைத்துப் பார்ப்பார்கள். மண்ணும் சில எலும்புத் துண்டுகளும்தான் இருக்கும். அதை வரப்போரம் கொட்டிவிட்டு, உடையாமல் தப்பிய சின்னப் பானைகளை மட்டும் எடுத்து வைப்பார்கள்.

ஆனால் தொல்லியல் ஆய்வாளர்களுக்கு அந்தப் பானையைவிட முக்கியமானது, கொட்டப்பட்ட அந்த மண்தான். அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் எரிக்கப்பட்டாரா, புதைக்கப்பட்டாரா, ஆணா, பெண்ணா, குழந்தையா, எந்தக் காலத்தில் வாழ்ந்தவர் என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அதற்குள் இருக்கலாம். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதுமக்கள் தாழி என்றால் என்ன?

இறந்தவர்களின் உடலையோ எலும்புகளையோ வைத்து மண்ணுக்குள் புதைக்கப் பயன்படுத்திய பெரிய மண்பானைதான் முதுமக்கள் தாழி. ஈமத்தாழி என்றும் சொல்வார்கள். கிராமங்களில் 'மதமதக்கத் தாழி' என்ற பேச்சு வழக்கும் உண்டு. கூடவே ஒரு கதையும் உண்டு. 'அந்தக் காலத்துல வயசானவங்க சாகாம சுருங்கிப் போயிடுவாங்க, அவங்களைத் தாழிக்குள்ள உயிரோட வெச்சுப் புதைச்சிடுவாங்க' என்பதுதான் அது.

இந்தக் கதைக்கு ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை. தாழிகளில் கிடைத்த எலும்புகளில் இளைஞர்களுடையவையும் குழந்தைகளுடையவையும் இருக்கின்றன. பல தாழிகளில் முழு எலும்புக்கூடே இல்லை. மண்டையோடு, கை கால் எலும்புகள் என்று சில பகுதிகள் மட்டும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். உயிரோடு உட்கார வைக்கப்பட்ட ஒருவரின் எலும்புகள் அப்படி இருக்க முடியாது.

தாழி என்றாலே தகனம்தானா?

இல்லை. இங்கேதான் பெரிய குழப்பம். இன்று தகனம் முடிந்த மறுநாள் எலும்பு பொறுக்கி, சின்னக் கலயத்தில் போட்டு, பவானி கூடுதுறையிலோ பேரூர் நொய்யல் கரையிலோ கரைக்கும் வழக்கம் கொங்கில் இருக்கிறது. அதனால் பழைய தாழியைப் பார்த்ததும், 'இதுவும் அஸ்தி கலசம்தானே' என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் தாழியில் அடக்கம் செய்யும் முறை ஒன்றல்ல, குறைந்தது 3.

முதலாவது, இறந்தவரின் உடலை அப்படியே மடக்கித் தாழிக்குள் வைப்பது. இதில் எலும்புகள் உடலில் இருந்த வரிசையிலேயே கிடைக்கும்.

இரண்டாவது, உடலை முதலில் வேறு இடத்தில் புதைத்தோ, திறந்தவெளியில் விட்டோ, சதை மறைந்த பிறகு எலும்புகளை மட்டும் சேகரித்துத் தாழிக்குள் வைப்பது. இதை இரண்டாம் நிலை அடக்கம் என்கிறார்கள். தமிழ்நாட்டின் இரும்புக் கால ஈமக்காடுகளில் பரவலாகக் காணப்படுவது இந்த முறை.

மூன்றாவது, உடலை எரித்து, மிஞ்சிய எலும்புத் துண்டுகளைப் பொறுக்கித் தாழிக்குள் வைப்பது. இதுதான் தகனத் தாழி.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் மண்பானைதான். உள்ளே இருப்பதை ஆராய்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். பழந்தமிழ் இலக்கியமும் இதைத் தெளிவாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது. மணிமேகலை காப்பியம் ஒரே ஊரின் சுடுகாட்டில் எரிப்பது, வெறுமனே இட்டுவிட்டு வருவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்வான அறையில் அடைப்பது, தாழியில் கவிப்பது என 5 முறைகள் நடந்ததாகப் பட்டியல் போடுகிறது. புறநானூற்றில் குயவரிடம் பெரிய தாழி செய்யச் சொல்லிக் கேட்கும் பாடல்களும் இருக்கின்றன. ஆக, ஒரே சமூகத்தில் பல முறைகள் பக்கத்து பக்கத்திலேயே இருந்திருக்கின்றன.

கொங்கு நாட்டில் என்ன கிடைத்திருக்கிறது?

கோவை மாவட்டத்தின் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பற்றி ஆங்கிலேய அதிகாரி எம்.ஜே.வால்ஹவுஸ் 1875லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். அன்றைய கோவை மாவட்டம் என்பது இன்றைய ஈரோடு, திருப்பூர் பகுதிகளையும் சேர்த்தது.

இன்று நமக்கு அதிகம் தெரிந்த இடம் கொடுமணல். ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கும் ஊர். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருவது இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பிறகு பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் புதுச்சேரி பல்கலைக்கழகமும், அண்மைக் காலத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையும் இங்கே அகழாய்வு செய்திருக்கின்றன.

கொடுமணலில் ஒரு பக்கம் மக்கள் வாழ்ந்த மேடு, இன்னொரு பக்கம் ஈமக்காடு. ஈமக்காட்டில் சுற்றிலும் கற்களை அடுக்கிய கல்வட்டங்கள், அவற்றின் நடுவே பலகைக் கற்களைச் சுவர்களாக நட்டுக் கட்டிய கல்லறைகள். சுவரில் வட்டமாக ஒரு துளையும் இருக்கும். தாழிகளும் உண்டு. ஒரே கல்லறையில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தது, இந்த ஊர் எந்த அளவுக்கு வெளியூர் வணிகத்தோடு பின்னிக் கிடந்தது என்பதைக் காட்டியது. கொடுமணலில் கிடைத்த மனித எலும்புகளை புனே டெக்கான் கல்லூரி ஆய்வாளர்கள் தனியாகவே ஆராய்ந்து 2011ல் நூலாக வெளியிட்டார்கள்.

கொங்கின் தெற்கு எல்லையில், பழனிக்கு அருகே இருக்கும் பொருந்தலில் ஒரு கல்லறைக்குள் நான்கு கால் ஜாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் சுமார் 2 கிலோ நெல். அந்த நெல்லைக் காலக்கணிப்பு செய்தபோது கி.மு. 490 என்ற ஆண்டு வந்தது. ஈமச்சின்னத்தின் காலத்தைச் சொன்னது பானையல்ல, உள்ளே இருந்த நெல்மணிதான்.

அப்படியென்றால் எரித்த எலும்புகள் எங்கே? அதற்கு கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் தாண்டி மலையேற வேண்டும். நீலகிரி மலை உச்சிகளில் இருக்கும் கற்குவைகளை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் தோண்டினார்கள். அவற்றில் கிடைத்த கலயங்களில் கரியும் எரிந்த எலும்புத் துண்டுகளும் இருந்தன. கலயங்களின் மூடி மேல் எருமை, குதிரை வீரன், யானை போன்ற சுடுமண் உருவங்கள் இருந்தன. நீலகிரியின் முதல் கமிஷனரான ஜே.டபிள்யூ.பிரீக்ஸ் இவற்றைப் பற்றி எழுதிய நூல் 1873ல் வெளியானது. இந்த கற்குவைகள் கொங்குச் சமவெளியின் இரும்புக் கால ஈமச்சின்னங்களைவிடப் பிந்தியவை, கி.பி. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படுகிறது.

அன்று தோண்டியவர்களின் கவனம் பொம்மைகள், வெண்கலக் கிண்ணங்கள், நகைகள் மீதுதான் இருந்தது. அவை லண்டனிலும் சென்னையிலும் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. எரிந்த எலும்புகளை இன்று செய்வதுபோல் எடைபோட்டு, வகைபிரித்துப் பார்க்கும் அறிவியல் அப்போது இல்லை.

எலும்பு எரிந்ததா, இல்லையா? எப்படித் தெரியும்?

முதல் சாட்சி நிறம். எரியாத பழைய எலும்பு வெளிர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எலும்புக்குள் இருக்கும் புரதம் கருகி, எலும்பு கறுப்பாகும். 500, 600 டிகிரியில் சாம்பல் நிறமும் நீலச் சாயலும் வரும். 700, 800 டிகிரியைத் தாண்டினால் சுண்ணாம்பு போல வெள்ளையாகும்.

ஒரே தாழியில் வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்று நிறத் துண்டுகளும் இருந்தால், சிதையின் தீ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எரியவில்லை என்று பொருள். எந்த எலும்பு எந்த நிறத்தில் இருக்கிறது என்று வரைந்து பார்த்தால், உடல் சிதையில் எப்படிக் கிடத்தப்பட்டது, விறகு போதுமானதாக இருந்ததா என்பதைக்கூட ஊகிக்க முடியும்.

இரண்டாவது சாட்சி விரிசல். சதையோடு இருக்கும் உடலை எரித்தால் எலும்பு வளையும், முறுக்கும், பிறை வடிவத்தில் வெடிப்பு விடும். ஏற்கெனவே காய்ந்த எலும்பை எரித்தால் பெரும்பாலும் நீளவாக்கில் நேரான விரிசல்தான் வரும். இறந்தவுடன் எரித்தார்களா, எலும்பைச் சேகரித்த பிறகு எரித்தார்களா என்பதை அறிய இது உதவும். இது மட்டுமே முடிவான ஆதாரம் இல்லை, மற்ற சாட்சிகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது சாட்சி அளவு. அதிக வெப்பத்தில் எலும்பு சுருங்கும். அதனால் எரிந்த எலும்பை சாதாரண எலும்பு போல அளந்து உயரம் கணக்கிட்டால் தப்பாகிவிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மண்ணில் இருக்கும் மாங்கனீசு எலும்பில் படிந்தால், தீயே படாத எலும்பும் கருகியது போலத் தெரியும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், அகச்சிவப்புக் கதிர் சோதனை மூலம் எலும்பின் படிக அமைப்பு வெப்பத்தால் மாறியிருக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள்.

எடைக்கு என்ன வேலை?

இன்றைய தகன மேடைகளில் ஒரு பெரியவரை எரித்த பிறகு மிஞ்சும் எலும்பு சுமார் 1 முதல் 3 கிலோ வரை இருக்கும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் பழைய தாழியைப் பார்ப்பார்கள்.

ஒரு தாழியில் 300 கிராம்தான் எரிந்த எலும்பு இருக்கிறது, ஆனால் அது பெரியவருடையது என்றால், முழுவதையும் பொறுக்கவில்லை, ஒரு பகுதியைத்தான் கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மீதி சிதையிலேயே விடப்பட்டிருக்கலாம், ஆற்றில் கரைக்கப்பட்டிருக்கலாம், இன்னொரு பானைக்குப் போயிருக்கலாம். எடை 3 கிலோவைத் தாண்டினால் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் உள்ளே இருக்கிறார்களா என்று தேடுவார்கள். உடலில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் எலும்புப் பகுதி இரண்டு முறை வந்தால், இரண்டு பேர் என்பது உறுதி.

தாழியை எப்படித் திறக்கிறார்கள்?

அகழாய்வில் தாழியைக் கண்டதும் கவிழ்த்துக் கொட்ட மாட்டார்கள். சுற்றியிருக்கும் மண்ணை மெல்ல அகற்றி, படம் எடுத்து, வரைந்து, அளவு குறித்த பிறகுதான் உள்ளே கை வைப்பார்கள். முடிந்தால் தாழியைத் துணிக்கட்டு போட்டு முழுதாகத் தூக்கி ஆய்வகத்துக்குக் கொண்டு போவார்கள். மருத்துவமனைகளில் இருக்கும் சிடி ஸ்கேன் எடுத்தால், திறக்காமலேயே உள்ளே எலும்பும் பானையும் இரும்பும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

பிறகு உள்ளே இருக்கும் மண்ணை மேலிருந்து 2 சென்டிமீட்டர் போல அடுக்கடுக்காக எடுப்பார்கள். கால் எலும்பு அடியிலும் மண்டையோடு மேலேயும் இருந்தால், வைத்தவர்கள் ஒரு வரிசையைப் பின்பற்றியிருக்கிறார்கள் என்று தெரியும். எல்லாம் கலந்து கிடந்தால் அதுவும் ஒரு தகவல்தான். எடுத்த மண்ணைச் சலித்து, தண்ணீரில் மிதக்க விட்டு, கருகிய தானியம், விதை, கரித்துண்டு எல்லாவற்றையும் பிரிப்பார்கள். தாழியை ஒரே மூச்சில் கவிழ்த்தால் இத்தனையும் போய்விடும்.

ஆணா, பெண்ணா, வயது என்ன?

எரியாத எலும்பு என்றால் இடுப்பு எலும்பும் மண்டையோடும் ஆணா பெண்ணா என்று சொல்லும். பல் வளர்ச்சியும் எலும்பு முனைகள் இணைந்திருக்கும் விதமும் வயதைச் சொல்லும். எரிந்த எலும்பில் இவை எல்லாம் துண்டு துண்டாகியிருக்கும். வெளியில் தெரியும் பல்லின் எனாமல் தீயில் வெடித்துவிடும். ஆனால் பல்லின் வேர்களும், குழந்தைகளின் தாடைக்குள் இன்னும் முளைக்காமல் இருக்கும் பற்களும் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

உடலிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்று, காதுக்கு உள்ளே இருக்கும் எலும்பு. சிதைத் தீயையும் தாங்கி நிற்கக்கூடியது. ஒரு தாழியில் எத்தனை பேர் என்று எண்ணவும், வேதியியல் சோதனை செய்யவும் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இதைத்தான். சுண்டு விரல் நுனி அளவுதான் இருக்கும். தெரியாதவர் கையில் கிடைத்தால் கூழாங்கல் என்று எறிந்துவிடுவார்.

டிஎன்ஏ எடுக்க முடியுமா?

வெள்ளையாகும் வரை எரிந்த எலும்பில் டிஎன்ஏ மிஞ்சாது. எரியாத எலும்பிலும் தமிழ்நாட்டு வெப்பத்தில் டிஎன்ஏ தப்பிப்பது சிரமம்தான். கீழடி அருகே கொந்தகை தாழிகளில் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆராய்ந்து வருகிறது. அங்கே கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் முகங்களை மீட்டுருவாக்கம் செய்தது 2025ல் செய்தியானது. அது சாத்தியமானதற்குக் காரணம் அந்த எலும்புகள் எரிக்கப்படாதவை என்பதுதான்.

எரிந்த எலும்புக்கு வேறொரு பலம் இருக்கிறது. அதன் பெயர் ஸ்ட்ரான்சியம். நாம் சாப்பிடும் உணவு, குடிக்கும் தண்ணீர் வழியாக ஒரு பகுதியின் பாறைக்கே உரிய வேதியியல் அடையாளம் எலும்பில் பதியும். அது தீயில் அழியாது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் எரித்துப் புதைக்கப்பட்ட 25 பேரின் எலும்புகளை இப்படிச் சோதித்தார்கள். அவர்களில் 10 பேர் கடைசி ஆண்டுகளில் அந்தப் பகுதியில் வாழ்ந்தவர்கள் அல்ல என்று 2018ல் தெரியவந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரையையும் கரூரையும் இணைத்த பெருவழியில் இருக்கும் கொங்குக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்கள் உள்ளூர்க்காரர்களா, வந்து தங்கிய வணிகர்களா?

காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

சாதாரண எலும்பில் இருக்கும் புரதத்தை எடுத்துக் கார்பன்-14 முறையில் காலம் கணிப்பார்கள். எரிந்த எலும்பில் புரதம் இருக்காது. அதனால் அதைத் தேதியிடவே முடியாது என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். 1990களின் கடைசியில் இது மாறியது. வெள்ளையாக எரிந்த எலும்பின் கனிமப் பகுதியில் இருக்கும் கார்பனை வைத்தே காலம் கணிக்கலாம் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு எச்சரிக்கை உண்டு. எரியும்போது விறகிலிருந்தும் கார்பன் எலும்புக்குள் போகும். நூறு வயது மரத்தை விறகாக்கியிருந்தால் தேதி கொஞ்சம் முன்னே தள்ளிப்போகும்.

தாழிக்குள் கிடைக்கும் நெல், கரி போன்றவையும் கைகொடுக்கும். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021ல் அறிவிக்கப்பட்டது. அதே ஊரின் கரித்துண்டுகள் கி.மு. 3345 வரை பழமையானவை என்று 2025 ஜனவரியில் வெளியான தமிழக அரசின் அறிக்கை சொன்னபோது பெரிய விவாதம் எழுந்தது. கரி எங்கே, எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்ற பதிவுதான் இப்படிப்பட்ட விவாதங்களில் முடிவைச் சொல்லும்.

எலும்பே இல்லாத தாழி என்றால்?

அமிலத்தன்மை உள்ள மண்ணில் எரியாத எலும்பு கரைந்து காணாமல் போகும். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் நன்றாகத் தாங்கும். நன்றாக எரிந்த எலும்போ இரண்டிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் முங்கோ ஏரியில் 1968ல் கண்டெடுக்கப்பட்ட, தகனம் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் எலும்புகள் சுமார் 40,000 ஆண்டுகள் பழமையானவை.

ஆகவே, காலியாகத் தெரியும் தாழியைப் பார்த்து 'உள்ளே யாரையும் வைக்கவில்லை' என்று சொல்லிவிட முடியாது. கரைந்த எலும்பின் பாஸ்பேட் அந்த மண்ணில் தங்கியிருக்கும். அதையும் சோதிக்கலாம், மண் அப்படியே இருந்தால்.

உங்க தோட்டத்துல தாழி கிடைச்சா என்ன செய்யணும்?

முதலில் வேலையை நிறுத்துங்கள். தாழியை வெளியே இழுக்க வேண்டாம், உள்ளே கைவிட்டு மண்ணை எடுக்க வேண்டாம், தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம். இருக்கும் நிலையிலேயே செல்போனில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்தால் அளவு தெரியும். மழை வரும் போல இருந்தால் மேலே தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

அடுத்து கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியரிடம் சொல்லுங்கள். கோவை, ஈரோடு அரசு அருங்காட்சியகங்களுக்கும், தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் தகவல் கொடுக்கலாம். மனித எலும்பு வெளியே தெரிந்தால் போலீசுக்கும் சொல்வது நல்லது. எலும்பு பழையதா, புதியதா என்பதை அவர்கள் உறுதி செய்துகொள்வார்கள்.

மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. மறைப்பது குற்றம். அறிவிக்கப்பட்ட தொல்லியல் இடங்களை 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் கொங்கில் உள்ள பல ஈமக்காடுகள் யாருடைய பட்டியலிலும் இல்லாமல் விவசாய நிலத்துக்குள்ளும் மனைப்பிரிவுகளுக்குள்ளும் இருக்கின்றன. அவற்றுக்கு முதல் பாதுகாப்பு, அந்த இடத்தில் வேலை செய்பவர்கள்தான்.

உடைந்த தாழியை ஒட்ட வைத்துவிடலாம். கொட்டிய மண்ணைத் திரும்ப அதே வரிசையில் அடுக்க முடியாது. பானை கிடைத்தால் ஒரு பொருள் கிடைக்கும். மண்ணோடு கிடைத்தால்தான் அங்கே வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள முடியும்.